பன்னிரண்டு நாரைகளும் ஒரு தகர வாளியும்

வேம்பு உரச் சாக்கைத் தரையில் வைத்தாள். வைத்த கையோடு அதன் வாயைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள்.

"பாக்காதீங்க சிஸ்டரம்மா. நான் சொல்லிர்றேன், அப்பறம் பாருங்க" என்றாள்.

காலை ஏழு மணி இருக்கும். ஆடி மாதம். மில் களத்தில் வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவள் புடவையில் முழங்கால் வரை சேறு. கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் வீரையன் நின்றான், உள்ளே வரவில்லை. அவன் கையில் ஒரு தகர வாளி இருந்தது.

சாக்கின் அடி நனைந்திருந்தது. அதிலிருந்து பாசி வாசனை வந்தது. அதற்கு மேலே மூக்கைக் குத்துகிற மருந்து நெடி. நான் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். வயல் மருந்தைக் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு மூக்கில் குழாய் போட்டு வயிற்றைக் கழுவியிருக்கிறேன். அந்த நெடியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. எத்தனை என்பதுதான் தெரியவில்லை.

இந்தத் தொடரில் இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் பொறியில் கால் போன நரியைப் பற்றி எழுதினேன். அது மூன்று காலில் மூங்கில் தோப்புக்குள் ஓடிப்போனதோடு முடித்தேன். அதைப் படித்துவிட்டு நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். உங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாமே பிழைத்துவிடுகிறதே, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்தான். பிழைத்ததை மட்டும் பொறுக்கியெடுத்து இத்தனை வாரம் எழுதி, நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த வாரம் சாக்குதான்.

கொக்கு ஆஸ்பத்திரி

இடையில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் இடம் நீடாமங்கலத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஓட்டம் நின்றுபோன மில் அது. நெல் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டிகள் ஏழு இருந்தன. அவற்றில் தண்ணீர் நிரப்பி, மேலே மீன்வலை கட்டி, அடிபட்ட பறவைகளையும் பிராணிகளையும் வைத்துப் பார்த்தோம். வனத்துறையிடம் முறையாக அனுமதிக் கடிதம் இருந்தது. போர்டில் நீளமாக ஒரு பேர் எழுதியிருந்தோம். ஊரில் அதை ஒருவரும் சொன்னதில்லை. பஸ் கண்டக்டர் கூட "கொக்காஸ்பத்திரி இறங்கு" என்றுதான் கத்துவார்.

நடத்தியவர்கள் மூன்று பேர். மில்லைப் பாகம் பிரித்த அந்த அண்ணன் தம்பியில் தம்பிதான் டாக்டர் கோவிந்தராசு. மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும், அதனால் பேச்சு குறைவு. இரண்டாவது ஆள் நான். ஆஸ்பத்திரியில் மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையை விட்டவள். இங்கேயும் வந்து சண்டைதான் போட்டேன், ஆள்தான் மாறியது.

மூன்றாவது வேம்பு. காலனியைச் சேர்ந்தவள், நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவள். ஒருநாள் றெக்கை ஒடிந்த கொக்கை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குக் கட்டுப் போட்டு முடிக்கிறவரை போகவில்லை. மறுநாளும் வந்தாள். பிறகு வந்துகொண்டே இருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள் என்னை 'நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். அது எனக்கு அப்போது உறைத்ததே இல்லை.

எங்களைப் பார்க்கப் பெரிய மனிதர்களும் வருவார்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து, கால் ஒடிந்த மயிலோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்தது. அந்தக் கட்சியிலிருந்தும் ஒருவர் வந்தார். அதே மயில்தான். அது பாரபட்சம் பார்க்கவில்லை, இரண்டு பேரையும் கொத்தியது.

குளத்துக்கரைத் தகராறு

எங்கள் மில்லுக்குப் பின்னால் ஒரு பெரிய குளம். அதன் கரையை ஒட்டிய நிலம் பெரிய பண்ணை என்று நாங்கள் சொல்லும் குடும்பத்திடம் இருந்தது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அதை மாமனார் பேரிலும் மச்சான் பேரிலும், சமையல்காரர் பேரிலும் எழுதி வைத்திருந்தார்கள். அது உபரி நிலம், எங்களுக்குத்தான் வர வேண்டும் என்று காலனிக்காரர்கள் அதில் கொடி நட்டார்கள். போலீஸ் வந்து பிடுங்கியது. மறுபடி நட்டார்கள். கோர்ட்டுக்குப் போனது. கோட்டையில் ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த வருஷம் வந்துவிடும் என்பார்கள். வேம்புவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே தொடங்கிய தகராறு. வீரையனின் அப்பா அந்தக் கொடிக்காக இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனார். பட்டாவைப் பார்க்காமலே செத்துப்போனார்.

கடைசியில் ஒருவழியாக முடிவானது. பொங்கல் கழிந்ததும் சர்வேயர் வந்து அளந்து ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று தாசில்தார் சொன்னார்.

மார்கழியில் பண்ணையிலிருந்து ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். நிலம் போனால் போகட்டும், மரத்தையாவது எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம். கரை முழுக்கக் கருவேலமும் புளியும் நின்றன. ஒவ்வொரு மரத்திலும் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. எல்லாக் கூட்டிலும் குஞ்சு.

நான் போய் நின்று கத்தினேன். டாக்டர் வனத்துறைக்கு ஆள் அனுப்பினார். வனத்துறை ஜீப் வந்து சேர்ந்தபோது மரமே இல்லை. தரையெல்லாம் முள்ளும் சுள்ளியும், அதற்குள் வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகளும் கிடந்தன. பயந்த குஞ்சுகள் தின்றதையெல்லாம் கக்கியிருந்தன. அரைகுறையாகச் செரித்த நத்தை வாடை. வேம்பு முள்ளுக்குள் தவழ்ந்து போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முப்பதுக்கு மேல் எடுத்தோம். ஒரு வாரத்தில் பன்னிரண்டு மிஞ்சின.

அந்தப் பன்னிரண்டையும் பறக்க வைத்து வெளியே அனுப்புவது என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். அவ்வளவு நாள் நாங்கள் பார்த்ததெல்லாம் ஒன்று இரண்டு என்று வந்தவை. இது ஒரு கரையே வந்து மடியில் விழுந்த மாதிரி. இதில் தோற்றால் மில்லைப் பூட்டிவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

வாளி

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டுக்குத் திரும்பப் போகிற ஜீவனுக்கு மனிதர் முகத்தைக் காட்டக் கூடாது, அதன் எதிரில் பேசக் கூடாது, பேர் வைக்கக் கூடாது. மனிதரை நம்பப் பழகிய பறவை வெளியே போய் எவனையாவது நம்பி, குழம்புச் சட்டிக்குள் போய்விடும். இதில் நாங்கள் மூவரும் கறாராக இருந்தோம். தொட்டியைச் சுற்றிப் பழைய புடவைகளைத் திரையாகக் கட்டினோம். அதற்குப் பின்னால் நின்றுதான் தீனி போட்டோம்.

ஆனால் தீனி வந்திருக்கிறது என்று குஞ்சுக்குத் தெரிய வேண்டுமே. வாயால் கூப்பிடக் கூடாது. அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். தீனி வாளியின் பக்கவாட்டில் நத்தை ஓட்டால் மூன்று தட்டு. குஞ்சுகள் ஓடி வரும். மனிதக் குரல் பழகக் கூடாது என்பதற்காகத்தான் வாளிச் சத்தத்தைப் பழக்கினோம். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும், வெளியே விட்டால் பட்டினிதான், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு விடலாம் என்றார். அப்படியானால் ஆறு மாதத்துக்குப் பக்கம் தீனி போட வேண்டும். வேம்பு வற்றிப்போன குட்டைகளில் சேற்றைத் தோண்டி நத்தை எடுத்து வந்தாள். காலனியில் நத்தைக் குழம்பு வைப்பார்கள், கோடையில் அவர்களுக்கு அதுதான் கறி. அந்தக் கோடையில் அவள் வீட்டு நத்தையெல்லாம் எங்கள் தொட்டிக்கு வந்தது. வீரையன் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அவனே ஒருநாள் கோணிப்பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

இந்த நாரைக்கு வளர்ந்த பிறகு அலகின் நடுவில் ஒரு சந்து விழும். மேல் அலகும் கீழ் அலகும் மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது. வேம்பு தினமும் திரைச் சந்தில் கண்ணை வைத்து, விழுந்துவிட்டதா என்று பார்ப்பாள். அதற்கு வருஷக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னார். "அதுக்குள்ள வெளிய போயிரும். நம்ம வயலுக்கு வரும்ல, அப்ப பாத்துக்கிறேன்" என்றாள் வேம்பு. 'நம்ம வயல்' என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். பட்டா வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர் கூட வராது, மரம் வெட்டிய அதே கரையை ஒட்டி.

மாப்பிள்ளை

பன்னிரண்டில் ஒன்று மட்டும் வாளிக்கு வராது. வலது காலில் ஒரு விரல் கோணலாக இருக்கும். நாம் தட்டத் தட்ட அது முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் மூலையில் நிற்கும். அப்படி ஒரு மாப்பிள்ளை முறுக்கு. பேர் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி நானே அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன்.

அது பட்டினி கிடக்கவில்லை. தொட்டி அடியில் பாசிக்குள் கிடந்த நத்தைகளைத் தானே குத்தி எடுத்துத் தின்றது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டு வந்து சொன்னார்: "அது தானாத் தேடித் திங்குது சிஸ்டர். விட்ருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் புத்தி. வார்டில் பதினொரு பேர் மணியடித்தால் சாப்பிட வரும்போது பன்னிரண்டாவது நோயாளி வராமல் இருந்தால் அது என் நிர்வாகத்துக்குக் கேவலம். வராத பறவைக்கு எப்படிக் குடற்பூச்சி மருந்து கொடுப்பது, எப்படி எடை பார்ப்பது என்று காரணங்களை அடுக்கினேன். அடியில் உள்ள நத்தைகளையெல்லாம் வழித்து எடுக்கச் சொன்னேன். வேம்புவுக்கு மனசில்லை, ஆனாலும் எடுத்தாள்.

முதல் நாள் மாப்பிள்ளை மூலையிலேயே நின்றது. இரண்டாம் நாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு வாளிக்கு வந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்று கைதட்டாத குறை. டாக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எப்போது தட்டினாலும் முதலில் ஓடிவருவது மாப்பிள்ளைதான்.

விட்ட நாள்

ஆனி கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வந்த தண்ணீரை வேம்பு அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். தன் வயலுக்குத் தானே மடை திறக்கிறாள், முதல்முறையாக.

குறுவை நடவு முடிந்து வயல் பச்சை பிடித்ததும் பறவைகளை விட்டோம். மில்லின் பின்பக்கக் கேட்டைத் திறந்து, வாளியைத் தட்டிக்கொண்டே வேம்பு குளத்துக்கரை வரை நடந்தாள். முகம் தெரியாமல் இருக்க முக்காடு போட்டிருந்தாள். பன்னிரண்டும் வரிசையாகப் பின்னால் போயின, மாப்பிள்ளை முன்னால். கரையில் நின்று வாளியைக் கவிழ்த்தாள். தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்று பறந்தது, மற்றவையும் பறந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் இருக்க டாக்டரைப் பார்த்து என்னத்துக்கு நிற்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

முதல் சில நாள் தீனி நேரத்துக்கு மில்லுக்குத் திரும்பி வந்தன. நாங்கள் தட்டவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். பிறகு ஆறு வந்தன, இரண்டு வந்தன. பத்தாம் நாள் ஒன்றும் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் பூந்தி வாங்கி வந்து மூவரும் தின்றோம்.

சாக்கு

வேம்பு சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வீரையன் வயலுக்குக் குருணை மருந்து தூவியிருக்கிறான். குருத்துப்பூச்சி விழுந்துவிட்டது. முதல் வெள்ளாமை, விட முடியாது. குருணையை மணலோடு கலந்து வாளியில் போட்டுத்தான் எல்லோரும் தூவுவார்கள். மணல் ஈரமாக இருந்தால் வாளியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வாளியைத் தட்டுவார்கள்.

வாளியைப் பற்றி ஏன் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் காலை எடுத்தாள், நான் சாக்கைத் திறந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் கழுத்து மடங்கிக் கிடந்தன. நான் எழுந்து கேட்டுக்குப் போனேன்.

வீரையன் தானாகவே சொன்னான். "தட்டுனதும் பின்னாலயே வந்துச்சுங்க சிஸ்டரம்மா. நம்ம பறவைங்கதானேன்னு நான் வெரட்டல. மொத வெள்ளாமைக்கு வந்து நிக்கிதுங்களேன்னு சந்தோசமா இருந்துச்சு."

அவன் தூவத் தூவ, தண்ணீரில் துடித்து மேலே வந்த தவளையையும் நத்தையையும் அவை தின்றுகொண்டே போயிருக்கின்றன.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் இந்த வாரம் எழுதியதற்கே அர்த்தமில்லை.

"ஒனக்கெல்லாம் நெலம் ஒரு கேடா?" என்றேன்.

அப்பனை ஜெயிலுக்கு அனுப்பி வாங்கிய இரண்டு மா நிலத்தை வைத்திருப்பவனிடம் சொன்னேன். பண்ணை வீட்டு வாசலில் நின்று எத்தனையோ தடவை கேட்ட வார்த்தையாக இருக்கும் அது அவனுக்கு. அவன் வாளியை மட்டும் கை மாற்றிக்கொண்டான்.

வேம்பு உள்ளே போனாள். தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் தீனி வாளியை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். குனிந்து ஒரு நத்தை ஓட்டைப் பொறுக்கி மூன்று தட்டுத் தட்டினாள்.

"இதுக்குத்தான் வந்துச்சுங்க. அவுரு கூப்புடல. நாமதான் சொல்லிக் குடுத்தோம்" என்றாள்.

ஓட்டைக் கீழே போட்டுவிட்டு வீரையனோடு போனாள். அதற்குப் பிறகு அவள் மில்லுக்குள் வரவில்லை. வழியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா" என்பாள். நல்லாயிருக்கிறேன் என்பேன். அவ்வளவுதான்.

டாக்டர் களத்தில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பதினொன்று இருந்தன. நான் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். கோணல் விரல் இல்லை. திரும்பவும் பார்த்தேன். இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை போகவில்லை. அதன் பழைய முறுக்கு திரும்பியிருக்கும், தட்டியதும் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கோ தானாகக் குத்தித் தின்றுகொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பகல் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் குளத்துக்கரை, வாய்க்கால், தாழைப் புதர் என்று தேடினேன். என் தலை தெரிந்ததும் வயலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் சொன்ன வார்த்தை அதற்குள் காலனி முழுக்கப் போயிருந்தது.

சாயங்காலம் டாக்டர் குழி வெட்டி மூடிக்கொண்டிருந்தார். விட்டுவிடச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. மண்ணை மிதித்துச் சமப்படுத்திவிட்டு மண்வெட்டியைக் கழுவினார்.

கேட்டில் சத்தம் கேட்டுப் போனேன். வீரையன் நின்றான். தோளில் இருக்க வேண்டிய துண்டு கையில் மூட்டையாக இருந்தது. அவனும் பகலெல்லாம் தேடியிருக்கிறான். துண்டைக் கம்பிக்கு மேலாக என்னிடம் நீட்டினான். பிரிக்கும்போதே கோணல் விரல் கையில் தட்டுப்பட்டது.

"நேத்து வேலை முடிச்சு மதகடியில வாளியக் கழுவுனேங்க. கழுவுன எடத்துலயே கெடந்துச்சு. மத்ததெல்லாம் வயலோட நின்னுருச்சு. இது ஒண்ணுதான் கடைசி மட்டும் வந்துருக்கு" என்றான்.

மூடிய அலகைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் சந்து இல்லை.

வீரையன் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். உடனே போகவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றிருப்பான். நான் பறவையை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்தினேன்.